வாட்டர்கிரஸ் வளர்ப்பு: குளம் வேண்டாம், தேங்காத தண்ணீர் போதும்

காரச் சுவையுள்ள சாலட் கீரையான வாட்டர்கிரஸை வீட்டில் வைத்துக் கைவிட்டவர்களைக் கேட்டால் நடந்தது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். நீர்த்தாவரம் என்று நம்பித் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி நட்டிருப்பார்கள். முதல் வாரம் செடி செழிப்பாக நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் நாறும், வேர் கறுக்கும், தண்டு அடியில் கொழகொழத்துச் சரியும். தண்ணீர் குறைந்ததால் வந்த கேடு இல்லை இது. தண்ணீர் தேங்கியதால் வந்தது.

இது குளத்துச் செடி அல்ல, ஓடைச் செடி. நாஸ்டர்ஷியம் அஃபிசினேல் என்பது தாவரவியல் பெயர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் இதை முதன்முதலில் வணிகப் பயிராக்கியவர் வில்லியம் பிராட்பரி, 1808-ல், கென்ட் பகுதியின் ஸ்பிரிங்ஹெட் என்ற ஊரில். ஊரின் பெயரிலேயே ஊற்று இருக்கிறது. பின்னாளில் ஹாம்ப்ஷயரின் ஆல்ரெஸ்ஃபோர்ட் இந்தக் கீரைக்குப் பேர்போனதும் சுண்ணப்பாறை ஊற்றுகளால்தான். அந்த ஊற்றுநீர் கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய 10, 11 டிகிரியிலேயே வெளிவருகிறது. அங்குள்ள பாத்திகளைப் பார்த்தால் கூழாங்கல் பரப்பி, லேசாகச் சரிவு கொடுத்து, சில அங்குல ஆழத்துக்குத் தண்ணீரை ஓடவிட்டிருப்பார்கள். ஆழம் குறைவு, ஓட்டம் இடைவிடாதது.

ஓட்டம் ஏன் முக்கியம் என்றால், வேர் மூச்சுவிட வேண்டும். 10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு தட்டுத் தண்ணீர் மத்தியானத்துக்குள் 30-ஐத் தாண்டும். வேரும், தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்களும் அந்தக் கொஞ்ச ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் அழுகல் தொடங்கும். வீட்டில் நாம் செய்கிற ஒவ்வொரு ஏற்பாடும் இரண்டே காரியத்துக்குத்தான்: தண்ணீரைப் புதிதாக வைப்பது, குளிர்ச்சியாக வைப்பது.

10 முதல் 20 டிகிரி வரையான வெப்பம் இதற்குப் பிடித்தது. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற இடங்களில் ஆண்டு முழுவதும் முயலலாம்; கடும் உறைபனி விழும் இரவுகளில் மட்டும் மூடாக்கு தேவை. மலேசியாவில் கேமரன் மலையில் இது வணிகப் பயிராகவே விளைகிறது. லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் இருக்கும் நம்மவர்களுக்கு வசந்தமும் இலையுதிர் காலமும் நல்ல பருவம். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஐப்பசி கடைசியில் தொடங்கி மாசி வரை அறுக்கலாம். அதற்கு மேல் இழுத்துப் பிடிக்கப் பார்ப்பது வீண் உழைப்பு. பருவக் கீரையாக நினைத்துக்கொண்டால் மனக்குறை வராது.

விதையில் ஏமாறாமல் இருக்க

"கிரஸ்" என்று எழுதி விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் வேறு செடி இருக்கலாம். கார்டன் கிரஸ் என்பது தரையில் வளரும் ஆண்டுப் பயிர். நாட்டு மருந்துக் கடையில் ஹலீம் விதை என்று விற்பதும் அதுதான். அந்த விதை செம்பழுப்பாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் சுற்றிலும் வழவழப்பான கூழ் கட்டும். வாட்டர்கிரஸ் விதை அதைவிட மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அப்படிக் கூழ் கட்டாது. நாலு விதையை ஈரத் துணியில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அழகுக்கு வளர்க்கும் ஆரஞ்சுப் பூ நாஸ்டர்ஷியமும் வேறு குடும்பம். பெயர் மட்டும்தான் ஒன்று.

விதைக்க ஆழமில்லாத ட்ரே போதும். சலித்த கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) மண்புழு உரமும் சம அளவில் கலந்து, நனைத்து, மட்டமாக அழுத்துங்கள். ஒரு சிட்டிகை விதைக்கு நான்கு தேக்கரண்டி நுண்மணல் கலந்து மேலே தூவுங்கள். மணல் கலக்காவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்து, நாற்று நெருக்கத்தில் கழுத்தழுகி மடியும். மண் போட்டு மூட வேண்டாம், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டு, ட்ரேயை ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் உள்ள தட்டில் வையுங்கள். மேலிருந்து பூவாளியால் ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். துளையிட்ட பிளாஸ்டிக் மூடி போதும், முளைத்ததும் எடுத்துவிட வேண்டும். 7 முதல் 14 நாளில் முளைக்கும். வீட்டுக்குள் குளிர்ந்த, வெளிச்சமான ஜன்னலோரம் நல்லது. மொட்டை மாடி வெயிலில் வைத்தால் முளைப்பு குறையும். நாற்று இரண்டு அங்குலம் வளர்ந்து, நாலு உண்மையிலை விட்டதும் நான்கைந்து அங்குல இடைவெளியில் நடலாம்.

தண்டு கிடைத்தால் விதையைவிட அதுவே சுலபம். கடையில் சாப்பிட வாங்கும் கட்டிலேயே நல்ல தண்டுகளைப் பொறுக்கலாம். சிங்கப்பூர், மலேசியாவில் காய்கறிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். இந்தியாவில் பெரிய நகரங்களில் சாலட் கீரை விற்கும் கடைகளில் தேட வேண்டும். கணுக்களில் வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்க்கும் தண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். நாலைந்து அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உதிர்த்து, கண்ணாடி டம்ளரில் இரண்டு அங்குலத் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினால் ஒரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். கட்டின் பழைய இலையைப் பச்சையாகச் சாப்பிடாமல், வீட்டில் புதிதாக விடும் துளிரை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

தொட்டியும் தட்டும்

பத்து அங்குல மண் தொட்டி ஒன்று, அடியில் துளை இருக்க வேண்டும். அதற்குக் கீழே வைக்க மூன்று அங்குல ஆழமுள்ள அகலமான மண் தட்டு. பிளாஸ்டிக்கைவிட மண்ணையே சொல்வோம்: மண்பானை போல இதுவும் கசிந்து ஆவியாகித் தண்ணீரின் சூட்டைக் குறைக்கும். சமவெளியில் இந்தச் சில டிகிரி வித்தியாசம் பெரிய விஷயம்.

துளையின் மேல் ஓட்டுத் துண்டு. பிறகு செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் தூள் போகும்வரை அலசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சிமென்ட் மாதிரி இறுகும். மேலே ஓர் அங்குலம் கால் இன்ச் சிப்ஸ் ஜல்லி. கோகோபீட் அதிகம் வேண்டாம், தண்ணீரில் மிதந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். தொட்டிக்கு ஐந்தாறு தண்டு போதும்.

தட்டிலும் ஜல்லியை நிரப்பி, தண்ணீர் ஜல்லி மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி பாருங்கள். திறந்த நீர்ப்பரப்பு இல்லாததால் பாசியும் கொசுவும் குறையும். தினமும் காலையில் ஒரு லிட்டர் தண்ணீரைத் தொட்டியின் மேலிருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். தட்டில் தண்ணீர் இருக்கிறதே என்று இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மேலிருந்து இறங்கும் தண்ணீர் வேர்ப் பகுதியிலுள்ள பழைய நீரைத் தள்ளிவிட்டு, பின்னாலேயே புதுக் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. ஓடையின் வேலையைச் செய்வது இந்த ஒரு லிட்டர்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டை முழுதாகக் கவிழ்த்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ போகட்டும்.

கொசு விஷயத்தில் சலுகையே கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். முட்டை தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் போகாது. வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தட்டின் உட்புறத்தைத் தேய்த்தே ஆக வேண்டும்.

இடம் என்றால் காலை வெயில் நாலு மணி நேரம் விழும் கிழக்குப் பக்கம். மத்தியானத்தில் நிழல் வேண்டும், இல்லாவிட்டால் 50 சதவீத நிழல்வலை. மாடியில் தளத்தின் மேல் நேராக வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். கான்கிரீட் வாங்கிய சூடு மாலை வரை அடியிலிருந்து வேரை வாட்டும். சூடான நாளில் தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு கட்டுவது பழைய வழி, நன்றாக வேலை செய்யும்.

அதிகம் வளர்க்க விரும்புகிறவர்கள் சின்ன மோட்டார் வைத்துச் சுழற்சி ஏற்பாடு செய்யலாம். இரண்டடிக்கு ஓரடி, ஆறு அங்குல ஆழமுள்ள செவ்வகத் தொட்டி. அதன் பக்கச் சுவரில், அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் துளையிட்டு அரை இன்ச் டேங்க் நிப்பிள் பொருத்த வேண்டும். கீழே மூடியுள்ள, வெளிச்சம் புகாத 40 லிட்டர் டிரம். மீன் தொட்டிக்கு விற்கும் சிறிய நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரை ஒரு முனையில் ஏற்றும், மறுமுனையில் நிப்பிள் வழியே டிரம்முக்கு இறங்கும். தொட்டி நிறைய ஜல்லி, வேர் பிடித்த தண்டுகள், அவ்வளவுதான். நிப்பிளை அடியில் பொருத்தாமல் இரண்டு அங்குலம் மேலே பொருத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மின்சாரம் போனாலும் அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் தொட்டியில் நிற்கும், செடி வாடாது. பகலில் மணிக்குப் பதினைந்து நிமிடம் ஓடும்படி டைமர் வைத்தால் போதும். மோட்டாரின் வாயில் ஸ்பாஞ்ச் கட்டி வாரம் ஒருமுறை பிழிந்து கழுவுங்கள். வெளியில் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால், கசிவு மின்சாரத்தில் தானே அறுந்துவிடும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில்தான் செருக வேண்டும். வயரைப் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வழியும் நீர் பிளக்குக்குப் போகாது.

பி.வி.சி. குழாயில் ஹைட்ரோபோனிக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை மற்ற கீரைகளோடு சேர்த்து நடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டுப் பாய் மாதிரிப் பின்னிக்கொள்ளும் செடி இது. குழாயை அடைத்தால் பக்கத்துச் செடிகளும் காய்ந்துவிடும்.

எந்தத் தண்ணீர், என்ன உரம்

சுண்ணப்பாறை ஊற்றில் செழித்த செடி என்பதால் கால்சியம் உள்ள கடினநீர் இதற்குப் பகையல்ல. காரஅமிலத்தன்மை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் இருந்தால் சரி. பிரச்சினை உப்புநீர்தான். கடலோர போர்வெல் தண்ணீரில் இலை ஓரம் பழுப்பாகக் கருகும், ஜல்லியின் மேல் வெள்ளைப் படிவு நிற்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ள உப்பெல்லாம் செறிந்து வருவது அதில்தான். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தாலும் பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். அந்தக் குழாயில் படியும் தூசும் கிருமியும் கூடவே வரும். மழைநீர் நல்லது; அதில் கால்சியம் இல்லாததால் ஜல்லியோடு ஒரு கைப்பிடி உடைத்த கிளிஞ்சலைக் கலந்துவிடுங்கள். குளோரின் வாசம் வரும் குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றலாம்.

உரத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மாடித் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், சாணக் கரைசல் எதையும் இந்தத் தொட்டியில் விட வேண்டாம். அவை கெட்டவை என்பதற்காக இல்லை. இலையும் தண்டும் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும், பெரும்பாலும் பச்சையாகச் சாப்பிடுவோம். சாணத்திலுள்ள குடல் கிருமிகள் நேராக வயிற்றுக்குப் போகும். மீன் அமிலமும் தேங்கிய நீரில் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நடும்போது கலந்த மக்குரமே ஒரு மாதம் தாங்கும். பிறகு தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கணக்கில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

இலையைப் பார்த்துக் குறையைக் கண்டுகொள்ளலாம். அடியிலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துப் போதவில்லை. நுனியிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. கடினநீர் ஊற்றும் இடங்களில் இதுதான் வரும், செலேட் இரும்பைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து ஊற்ற ஒரு வாரத்தில் துளிர் பச்சையாகும். இலை ஊதா கலந்து கருத்தால் பதற வேண்டாம், மலைப்பகுதியில் குளிர் இரவுகளில் அது இயல்பு. குளிரே இல்லாமல் அப்படி ஆகி வளர்ச்சியும் நின்றால் மணிச்சத்தைப் பாருங்கள்.

பூச்சி என்றால் முட்டைக்கோசுக்கு வருவதெல்லாம் வரும். துளிரில் அசுவினி கூட்டமாக ஒட்டும். குழாயைப் பீய்ச்சிக் கழுவினாலே முக்கால்வாசி போய்விடும். இலையின் அடிப்புறத்தைச் சுரண்டி ஜன்னல் மாதிரி ஓட்டை விட்டிருந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. கையால் பொறுக்குங்கள், மீறினால் பி.டி. என்ற பாக்டீரியா புழுக்கொல்லியைத் தெளியுங்கள். நடும்போதே கொசுவலை போட்டு மூடிவிடுவது இதையெல்லாம்விட நல்ல வழி. வேப்பெண்ணெய் தெளித்தால் அந்தக் கசப்பு இலையில் நாலைந்து நாள் நிற்கும்.

நத்தையைக் கண்டால் உடனே அகற்றுங்கள். ஓடையில் தானாக வளர்ந்த வாட்டர்கிரஸை ஏன் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதற்கும் இதுதான் விடை. ஆடு மாடுகளின் ஈரலில் வாழும் தட்டைப்புழுவின் முட்டை சாணத்தோடு தண்ணீரில் சேர்கிறது. அங்கே நீர்நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து, இலைத் தண்டில் கண்ணுக்குத் தெரியாத கூடுகளாக ஒட்டிக்கொள்கிறது. அதைத் தின்றால் மனித ஈரலுக்கும் போகும். உப்பு நீரிலோ வினிகரிலோ அலசினால் போகும் என்று நம்ப முடியாது. கொதிக்க வைத்தால்தான் சாகும். எனவே மலைப்பக்கம் ஓடையிலிருந்து செடி கொண்டுவருகிறீர்கள் என்றால், வேரோடு பிடுங்காமல் நுனித்தண்டு மட்டும் எடுத்து, வீட்டில் புதுத்துளிர் விட்டதும் அதன் நுனியை மறுபடி வெட்டி வேறு தொட்டியில் நடுங்கள். அதில் வளர்வதைச் சாப்பிடலாம். நல்ல குழாய் நீர், சாணம் இல்லை, நத்தை இல்லை என்றால் வீட்டுத் தொட்டியில் இந்தப் பயம் இல்லை.

அறுப்பதும் சமைப்பதும்

ஆறு அங்குலம் தாண்டியதும் அறுக்கலாம். மண்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு, கணுவுக்கு மேலே கத்தரியால் வெட்டுங்கள். கையால் இழுத்தால் செடியே பெயர்ந்து வரும், வேர் அவ்வளவு மேலோட்டம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தழைக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அடித்தண்டு வெறுமையாகி நீண்டுவிட்டால், நல்ல நுனிகளை வெட்டிப் புதிதாக நட்டுப் பழையதைக் கழித்துவிடுங்கள். தேமல் விழுந்து சுருங்கிய செடியிலிருந்து மட்டும் தண்டு எடுக்காதீர்கள். வைரஸ் தண்டோடு வரும்.

காலையில் அறுத்து, தண்ணீர் டம்ளரில் நிறுத்தி, மேலே கவர் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் நன்றாக இருக்கும். மென்றால் மூக்கில் ஏறும் காரம் கடுகுக் குடும்பத்துக்கே உரியது. இலையை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் அது பிறக்கிறது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். காரம் வேண்டுமானால் தயிர்ப் பச்சடியில் பச்சையாக நறுக்கிப் போடுங்கள். பாசிப்பருப்புக் கூட்டில் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பின் போட்டு மூடுங்கள். சீனர்கள் எலும்போடு நெடுநேரம் கொதிக்கவிட்டுச் சூப் செய்வார்கள், அதில் காரம் அடங்கிக் கீரைச் சுவை மட்டும் நிற்கும். வைட்டமின் கே மிக அதிகமுள்ள கீரை இது. வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது.

வெயில் ஏற ஏற நாலு இதழ் வெள்ளைப் பூ வரும், இலை கசக்கும். மொட்டைக் கிள்ளினால் இரண்டொரு வாரம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அதற்குப் பதில் ஒரு தொட்டியைப் பூக்கவிட்டு விதை எடுப்பது மேல். மெல்லிய, சற்று வளைந்த காய்கள் மஞ்சளாகும்போதே கொத்தாக வெட்டிக் காகித உறையில் தலைகீழாகப் போட்டு வையுங்கள். முற்றவிட்டால் வெடித்துச் சிதறிவிடும். சில செடிகள் பூத்தும் விதை பிடிக்காது. அவை கலப்பினமாக இருக்கலாம், தண்டுகளால்தான் பெருக்க முடியும். அப்படிப்பட்ட செடியின் மூன்று நான்கு நுனிகளைக் கோடையில் வீட்டுக்குள் டம்ளரில், தினமும் தண்ணீர் மாற்றி, உயிரோடு வைத்திருந்து பார்க்கலாம்.

கழித்த செடியை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். ஒரு கணு போதும் வேர் பிடிக்க. நியூசிலாந்தில் ஓடைகளை அடைக்கும் களையாகவே இது பரவியிருக்கிறது. நறுக்கி நன்றாக வெயிலில் காயவைத்து, பிறகு உரக்குழியில் போடுங்கள்.